காற்றில் கரி கூடினால் மண்ணிலும் கூடுமா? செட்டிநாட்டுச் செம்மண்ணை முன்வைத்து

கேள்வி: கானாடுகாத்தான் பக்கத்து வாசகர், 6 செப்டம்பர் 2025

காற்றில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகிறது என்கிறார்கள். செடிக்கு அதுதானே சாப்பாடு? செடி நன்றாக வளர்ந்தால் இலை கூடுதலாக உதிரும், வேர் கூடுதலாக ஓடும், எல்லாம் மக்கி மண்ணுக்குத்தானே போகும்? எங்கள் ஐயா விட்டுப்போன புஞ்சை கொஞ்சம் இருக்கிறது. நான் சென்னையில் இருப்பதால் நிலம் சும்மா கிடக்கிறது. மண்வள அட்டையில் கரிமச்சத்து 0.31 சதவீதம், குறைவு என்று வந்திருக்கிறது. "காத்துல கரி ஏறுதுல்ல, நிலத்த அப்படியே விட்டு வை, தானா வளமாயிடும்" என்கிறார் ஒரு சொந்தக்காரர். விட்டுவைத்தால் போதுமா?

6 செப்டம்பர், இரவு

போதாது.

அவர் சொல்வதில் முதல் பாதி சரிதான். ஆலைகள் பெருகுவதற்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420-ஐத் தாண்டியாயிற்று. நெல், நிலக்கடலை, முந்திரி, வேம்பு எல்லாமே இந்தக் கூடுதலை வைத்து ஒளிச்சேர்க்கையைக் கூட்டிக்கொள்ளக் கூடியவை. ஆனால் இலை பிடித்த கரியில், அதாவது கார்பனில், எவ்வளவு மண்ணில் தங்குகிறது என்பது தனிக் கணக்கு. தங்குவதும் தங்காததும் அந்தந்த மண்ணைப் பொறுத்தது.

பலர் கவனிக்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மண் துளைகளுக்குள் இருக்கும் காற்றில், வெளியில் இருப்பதைப் போலப் பத்து மடங்கு, சில இடங்களில் நூறு மடங்கு கரியமில வாயு ஏற்கனவே இருக்கிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் அங்கே மூச்சு விட்டுக்கொண்டே இருப்பதுதான் காரணம். அதனால் வெளிக்காற்றில் நூறு பங்கு கூடினாலும் மண்ணுக்கு நேரடியாக ஒன்றும் உறைக்காது. வருவதெல்லாம் செடி வழியாகத்தான் வரும்.

உலகத்து மண்ணின் மேல் ஒரு மீட்டரில் மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் கோடி டன் கரிமம் கிடக்கிறது. காற்றில் மொத்தமாக இருப்பது ஒரு லட்சம் கோடி டன்னுக்கும் குறைவு. மண் கொஞ்சம் வாங்கினாலும் கொஞ்சம் விட்டாலும் காற்றின் கணக்கு மாறிவிடும். அதனால் இந்தக் கேள்வியை நான் சின்னக் கேள்வியாக எடுக்கவில்லை.

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கல்லல், சாக்கோட்டை, தேவகோட்டைப் பக்கத்து மண்ணைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். மேட்டுப் புஞ்சை என்றால் 0.5 சதவீதத்தைத் தொடுவதே அபூர்வம்.

7 செப்டம்பர்

"இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், கண்ணாடிக் கூண்டுக்குள் வளர்த்தா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முதலில் அப்படித்தான் செய்தார்கள். பிறகு திறந்த வெளியிலேயே வட்டமாகக் குழாய்களை நட்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து வாயுவை விட்டு, வட்டத்துக்குள் உள்ள காட்டையோ வயலையோ ஐம்பது வருஷம் கழித்து வரப்போகும் காற்றில் வாழ வைக்கிறார்கள். பக்கத்திலேயே வாயு விடாத வட்டமும் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சோதனை. பத்துப் பதினைந்து வருஷம் விடாமல் நடத்தினால்தான் மண் வாய் திறக்கும். ஓரிரு வருஷ முடிவை வைத்து மண்ணைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

10 செப்டம்பர்

காடுகளில் என்ன ஆயிற்று என்று பார்ப்போம்.

அமெரிக்காவின் வட கரோலினாவில், டியூக் பல்கலைக்கழகத்துப் பைன் காட்டில் 1996 முதல் 2010 வரை 200 பங்கு கூட்டி விட்டார்கள். மரங்கள் நன்றாக வளர்ந்தன, ஊசியிலைகள் கூடுதலாக உதிர்ந்தன. ஆனால் அடிமண்ணில் கரிமம் சேரவில்லை. மேலே உதிர்ந்தது மேலேயே மக்கி மறுபடி காற்றுக்குப் போனது. அதோடு, வளர்ச்சிக்கு வேண்டிய தழைச்சத்தை (நைட்ரஜன்) தேடி வேர்களும் அவற்றோடு சேர்ந்து வாழும் பூசணங்களும் பழைய மக்கையும் உடைத்தன.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கரியமில வாயு கூடும்போது செடி வேர் வழியாகக் கூடுதல் சர்க்கரையைக் கசிய விடும். அதைத் தின்று தெம்பேறிய நுண்ணுயிர்கள், பல வருஷமாக யாரும் தொடாமல் கிடந்த பழைய கரிமத்தையும் உடைக்கத் தொடங்கும். புதுக்கரி உள்ளே வரும்போதே பழைய கரி வெளியேறுகிறது. வரவு பெரிதா செலவு பெரிதா என்பதை மண்ணை அளந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். மரம் பச்சையாக இருக்கிறதே என்று பார்த்துச் சொல்ல முடியாது.

டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் வேறு மாதிரி. அங்கே இருந்தவை அகன்ற இலை மரங்கள். ஆரம்பத்தில் வளர்ச்சி சுமார் 24 சதவீதம் கூடியது. 2008-இல் அது 9 சதவீதமாக இறங்கிவிட்டது. தழைச்சத்துப் பற்றாக்குறை. ஆனாலும் மெல்லிய வேர்கள் ஆழமாக ஓடியதால் மண்ணில் கொஞ்சம் கரிமம் சேர்ந்தது. இரண்டும் காடுதான், இரண்டும் அமெரிக்காவின் தென்கிழக்குதான், முடிவு வேறு.

13 செப்டம்பர்

தைலமரம் நட்டால் காற்றில் கூடும் கரி மண்ணில் சேருமா என்று கேட்ட புதுக்கோட்டைக்காரருக்கு. உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லக் கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. இந்தக் கேள்வி-பதில் இழையில் நான் எழுத நினைத்தவற்றில் முக்கியமானதும் இதுதான்.

ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு மேற்கே, இயற்கையாக வளர்ந்த தைலமரக் காட்டில் 2012-இலிருந்து 150 பங்கு கூட்டி விடுகிறார்கள். அங்கே நிற்கும் முக்கியமான மரம் யூகலிப்டஸ் டெரெடிகார்னிஸ். நம் ஊர்ப் பக்கம் மைசூர்த் தைலமரம் என்று நட்டிருப்பதும் இந்த இனத்து வழிதான். மண் வெகு பழையது, மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகக் குறைவு.

2020-இல் வந்த முடிவு இது: மரங்கள் சுமார் 12 சதவீதம் கூடுதலாகக் கரியைப் பிடித்தன. ஆனால் மரம் பருக்கவில்லை. பிடித்த கூடுதலில் பாதி மண்ணின் மூச்சாகவே திரும்பிப் போயிற்று. மீதியில் பெரும் பகுதியும் வேறு வழிகளில் காற்றுக்கே போனது. மரம் வேர் வழியாகச் சர்க்கரையைக் கொடுத்துப் பார்த்தது, மண்ணிலிருந்து பதிலுக்கு மணிச்சத்து வரவில்லை. 2024-இல் வந்த அடுத்த ஆய்வு, அந்த மணிச்சத்தை மண் நுண்ணுயிர்களே பிடித்து வைத்துக்கொள்கின்றன என்று காட்டியது.

நம் மண்ணை நினைத்துப் பாருங்கள். காரைக்குடியிலிருந்து திருமயம் வரை பல இடங்களில் தோண்டினால் கொஞ்ச ஆழத்தில் செம்புரைக்கல் தட்டும். அந்தச் சிவப்பு, இரும்பு ஆக்சைடு. இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது. இப்படிப்பட்ட மண்ணில் காற்று எவ்வளவு கரியைக் கொட்டினாலும் செடியால் அதை உடம்பாக்க முடியாது. சோற்றைக் குவித்து வைத்து உப்பில்லாமல் பரிமாறினால் எவ்வளவு இறங்கும்?

14 செப்டம்பர்

நேற்று எழுதியதற்கு ஒரு வரம்பு போட வேண்டும். ஆஸ்திரேலியாவில் நிற்பவை முதிர்ந்த மரங்கள், பல பத்தாண்டுகளாக வெட்டப்படாத காடு. இங்கே தைலமரத்தைச் சில வருஷத்துக்கு ஒருமுறை வெட்டி லாரியில் ஏற்றுகிறார்கள். இளமரம் கரியமில வாயுவுக்கு வேகமாகவே வளரும். ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் பட்டையும் கட்டையுமாக மணிச்சத்தும் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) வெளியேறிவிடும். அடுத்த தழைவு இன்னும் வறிய மண்ணிலிருந்து கிளம்ப வேண்டும். ஆகவே மர எடை கூடுவதைக் காட்டி மண் வளமாகிறது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

21 செப்டம்பர்

புல்வெளிக்கு வருவோம். கேள்வி கேட்ட தம்பியின் நிலம் சும்மா கிடக்கிறது என்றால் அங்கே இருப்பது அருகு, கோரை, நெருஞ்சி, ஆவாரஞ்செடி, ஓரத்தில் உடைமரம் என்றுதான் இருக்கும்.

உலகம் முழுக்க நடந்த 108 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2021-இல் வந்தது. எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மாறான முடிவு. மேலே செடி எடை மிகவும் கூடிய இடங்களில் மண் கரிமம் கூடவில்லை, குறையவும் செய்தது. மேலே பெரிதாக ஒன்றும் கூடாத புல்வெளிகளில்தான் மண் கரிமம் சராசரியாக 8 சதவீதம் ஏறியது. காடுகளில் சராசரி ஏற்றம் பூஜ்யம். சத்தைத் தேடி மண்ணைக் குடையும் மரங்கள் பழைய கரிமத்தைச் செலவழித்து வளர்கின்றன. புல் அப்படிக் குடைவதில்லை. வந்த கரியை வேருக்கு அனுப்புகிறது.

அப்போ புல்லை விட்டுவைத்தால் போதுமே என்று கேட்பீர்கள். பொறுங்கள்.

புல்லிலேயே இரண்டு வகை இருக்கிறது. ஒளிச்சேர்க்கை முறையை வைத்து சி3, சி4 என்பார்கள். நெல்லும் கடலையும் சி3. அருகு, சோளம், கம்பு, கேழ்வரகு, வரகு எல்லாம் சி4. சி4 செடிகள் இலைக்குள்ளேயே கரியமில வாயுவைக் குவித்துக்கொள்ளும் ஏற்பாட்டோடு இருப்பதால், வெளியே கூடினால் அவற்றுக்கு அவ்வளவு லாபமில்லை என்பதுதான் பாடப்புத்தகக் கணக்கு. மினசோட்டாவின் மணற்பாங்கான நிலத்தில் 1998-இலிருந்து இதைச் சோதித்தார்கள். முதல் பன்னிரண்டு வருஷம் புத்தகத்தில் உள்ளபடியே நடந்தது. அடுத்த எட்டு வருஷம் தலைகீழ்: சி4 புல் வளர்ந்தது, சி3 பின்தங்கியது. மண்ணில் தழைச்சத்து விடுபடும் வேகம் அந்தந்தப் புல்லுக்கு ஏற்ப மாறிப்போனதுதான் காரணம். இருபது வருஷம் பொறுமையாக இருந்ததால் கிடைத்த பாடம் இது. பத்தாவது வருஷத்தில் குழாயைப் பிடுங்கியிருந்தால் தவறான முடிவையே எல்லோரும் மேற்கோள் காட்டிக்கொண்டிருப்போம்.

22 செப்டம்பர்

அந்த 8 சதவீதத்தை உங்கள் புஞ்சைக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஓர் ஏக்கர், மேல் 15 சென்டிமீட்டர், மண் அடர்த்தி 1.5 என்று வைத்தால் சுமார் 910 டன் மண். அதில் 0.31 சதவீதம் என்றால் 2.8 டன் கரிமம். 8 சதவீதம் கூடினால் கிட்டத்தட்ட 225 கிலோ. அட்டையில் 0.31 என்பது 0.33 ஆகும். இது இப்போதைய காற்றில் இல்லை. பல பங்கு கூட்டி வருஷக்கணக்கில் வைத்திருந்து கிடைத்தது. ஒரே புஞ்சையில் வேப்பமரத்தடியில் எடுத்த மண்ணுக்கும் நடு மேட்டில் எடுத்த மண்ணுக்கும் இதைவிடப் பெரிய வித்தியாசத்தை நான் பரிசோதனை மேஜையில் பார்த்திருக்கிறேன்.

ஒரு டிராக்டர் பெட்டி மக்கிய எருவில் உள்ள கரிமமும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். அதிலும் பாதிக்கு மேல் ஓரிரு வருஷத்தில் மூச்சாகப் போய்விடும், நம் வெயிலுக்கு.

3 அக்டோபர்

நேற்று சாயங்காலம் இங்கே நல்ல மழை. மண்வாசனை வந்ததைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த வாசனையைத் தருவது மண்ணில் உள்ள ஒருவகை பாக்டீரியா உண்டாக்கும் ஜியோஸ்மின். அதே நேரத்தில் வாசனையில்லாத இன்னொன்றும் கிளம்புகிறது. பல மாசம் காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு, செத்தவற்றையும் உதிர்ந்தவற்றையும் வேகவேகமாகத் தின்று கரியமில வாயுவைக் குபுகுபுவென விடும். கென்யாவில் வேலை செய்த பிர்ச் என்ற மண் ஆய்வாளர் 1958-இல் இதை விரிவாக எழுதினார். அதனால் அவர் பெயரையே இதற்கு வைத்துவிட்டார்கள்.

காய்வதும் நனைவதும் மாறி மாறி வரும் செட்டிநாடு மாதிரி இடங்களில் வருஷக் கணக்கில் கணிசமான பங்கு இந்தச் சில மழை நாட்களில் தீர்மானமாகிறது. இங்கேதான் வறண்ட நிலத்துக்கே உரிய ஒரு விஷயம் வருகிறது. கரியமில வாயு கூடினால் இலைத்துளைகள் கொஞ்சம் மூடிக்கொள்ளும், செடி குடிக்கும் தண்ணீர் குறையும், மண் ஈரம் நாலு நாள் கூடுதலாக நிற்கும். சி4 புல்லுக்கும் இந்த லாபம் உண்டு. நெவாடாவின் மொஹாவி பாலைவனத்தில் பத்து வருஷம் வாயு விட்டுப் பார்த்தபோது, மேலே புதர் பெரிதாக மாறாமலே வேர் மண்டலத்தில் கரிமம் ஏறியிருந்தது. 2014-இல் வெளியான அந்த முடிவு எனக்கு நம்பிக்கை தந்தது.

ஆனால் ஈரம் நின்றால் மக்குவதும் வேகமாகும். நம் மழை மொஹாவியைவிடப் பல மடங்கு அதிகம், வெப்பமும் ஓயாது. பாலைவனத்தில் ஏறியது இங்கேயும் ஏறும் என்று அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

9 அக்டோபர்

கண்மாய்ப் பாசன வயல்.

வயல் வேறு உலகம். தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் பிராணவாயு போகாது, மக்குவது மெதுவாகும், கரிமம் தங்கும். அதனால்தான் கண்மாய்க்குக் கீழுள்ள நன்செய் மண் புஞ்சையைவிடக் கறுப்பாக இருக்கிறது. ஆனால் அதே பிராணவாயு இல்லாத சேற்றில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. கரியமில வாயு கூடினால் நெல் கூடுதலாக வேர்க்கசிவு தரும், அது நேராக இவற்றுக்குத் தீனி. உண்டான மீத்தேன் பெரும்பாலும் நெற்பயிரின் தண்டில் உள்ள காற்றுக்குழல் வழியாகவே மேலே வரும். 2011-இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், நெல் வயல்களில் மீத்தேன் 43 சதவீதம் கூடுவதாகச் சொன்னார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதைக் குறைத்தே மதிப்பிட்டன. வைக்கோலை மடக்கி உழும் வயலில் நுண்ணுயிருக்கு ஏற்கனவே தீனி இருப்பதால் கூடுதல் விளைவு சின்னதாகத்தான் இருக்கும் என்றும் காட்டின. அத்தகைய வயலில் மீத்தேன் முதலிலேயே அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது.

நம் பக்கத்தில் புழுதியில் விதைத்து, ஐப்பசி மழைக்குப் பிறகு தண்ணீர் கட்டி, கண்மாயில் இருப்பதைப் பொறுத்து விட்டு விட்டுப் பாய்ச்சுகிறோம். காவிரிப் பாசன வயல் மாதிரி மாசக்கணக்கில் தண்ணீர் நிற்பதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று வேளாண்மைத் துறை இப்போது சொல்லித்தருவதைத் தண்ணீர் இல்லாத குறையால் நாம் பாதி செய்துகொண்டுதான் இருக்கிறோம். மீத்தேன் குறைய அது நல்லது.

10 அக்டோபர்

சுண்ணாம்புச் சுவர் காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்குமா என்ற கேள்வி விஷயத்துக்கு வெளியே என்றாலும் பதில் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் ஆசை இருக்கிறது. ஆமாம், செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு இறுகும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக் கல்லாகிறது. ஆனால் அதே சுண்ணாம்பைச் சூளையில் சுட்டபோது அதே அளவு வாயு வெளியேறியது, எரித்த விறகின் புகை தனி. ஆகவே சுவர் திருப்பி வாங்கிக்கொண்டது என்று மட்டும் சொல்லலாம். பூசி நூறு வருஷம் ஆன வீட்டில் அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

22 அக்டோபர்

தீபாவளிக்குக் கொள்ளுகுடிப்பட்டிக்குப் போயிருந்தேன், சொந்தக்காரர் வீடு. வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர். பறவைகள் மிரளக் கூடாது என்று வெடி வெடிக்காமல் தீபாவளி கொண்டாடும் ஊர் என்று பலருக்கும் தெரிந்திருக்கும். 1977-இல் சரணாலயமாக அறிவிப்பதற்கு முன்பே மக்கள் அந்தக் கட்டுப்பாட்டோடு இருந்தார்கள் என்று அங்குள்ள பெரியவர்கள் சொல்கிறார்கள்.

இதை இங்கே எழுதக் காரணம் மணிச்சத்து. நாரையும் கொக்கும் அரிவாள் மூக்கனும் பல ஊர் நீர்நிலைகளில் மீனும் நத்தையும் தின்று, இந்தக் கண்மாய் மரங்களில் வந்து எச்சமிடுகின்றன. அந்த எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைய. மழையில் கரைந்து கண்மாய்த் தண்ணீரோடு மடை வழியாக வயலுக்குப் போகிறது. "எங்க தண்ணிக்கு உரம் கொஞ்சம் போட்டாப் போதும்" என்று அந்த வீட்டு அத்தை சொன்னார்.

சிட்னி காட்டில் கரி இருந்தும் மணிச்சத்து இல்லாமல் தவித்த மரங்களை நினைத்துக்கொண்டேன். காற்றில் வரும் கூடுதல் கரியை மண்ணில் தங்க வைக்கும் தகுதி செட்டிநாட்டில் ஏதாவது ஒரு மண்ணுக்கு உண்டென்றால், இந்தக் கண்மாய்க்குக் கீழே உள்ள வயல்களுக்குத்தான் முதல் வாய்ப்பு. களிமண் உண்டு, ஈரம் உண்டு, மணிச்சத்து உண்டு. யாராவது மாணவர்கள் இதை அளந்து பார்த்தால் நன்றாக இருக்கும். என் கையில் உள்ள குறிப்புகளைத் தருகிறேன்.

8 நவம்பர்

சீமைக்கருவேலத்தைப் பற்றிப் பேச்சு எழுந்ததும் எதிர்பார்த்தபடியே இழை சூடாகிவிட்டது.

இந்த மரத்துக்குத் தழைச்சத்துக் கவலை இல்லை. வேர் முடிச்சில் உள்ள நுண்ணுயிர் காற்றிலிருந்து பிடித்துக் கொடுத்துவிடும். தழைச்சத்து இல்லாமல் மற்ற செடிகள் தடுமாறும் இடத்தில் இப்படிப்பட்ட செடிகள் கரியமில வாயு கூடக் கூட முந்திக்கொள்ளும். வேர் ஆழத்துக்குப் போகும். மணிச்சத்து ஒன்றுதான் இதற்கும் கடிவாளம். அதனால் இனி வரும் காற்று கண்மாய்களில் சீமைக்கருவேலத்துக்கு இன்னும் சாதகமாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதன் அடியில் உள்ள மண்ணைச் சோதித்தால் கரிமமும் தழைச்சத்தும் சுற்றியுள்ள பொட்டலைவிட அதிகமாகத்தான் காட்டும். இதை நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. மண்ணில் இருப்பதைத்தான் சொல்கிறேன். அதற்காக அந்த மரம் கண்மாய் உள்வாயை அடைத்துக்கொண்டு நிற்பதை நான் ஆதரிக்கவில்லை. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் மரக்கூட்டம் நிற்கக் கூடாது.

9 நவம்பர்

"அப்போ வெட்டலாமா வேண்டாமா" என்று நேராகக் கேட்டவருக்கு. கண்மாய் உள்வாயிலும் வரத்துக்கால்களிலும் எடுக்க வேண்டும். மேட்டுப் பொட்டலில் மாற்று மரம் நட்டு, அது எழுந்த பிறகு எடுங்கள். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொன்ன சமயம், எங்கள் பக்கத்து மேடு ஒன்றை இயந்திரம் வைத்துத் தூரோடு பெயர்த்துவிட்டு அப்படியே போனார்கள். புரட்டிய மண் வெயிலில் கிடந்தது, அடுத்த மழையில் மேல்மண் ஓடிப்போனது. பல வருஷமாகச் சேர்ந்த கரிமம் இப்படித்தான் போகும். காற்று கொடுக்கும் எந்தக் கூடுதலும் அந்த இழப்பை ஈடுகட்டாது.

கரிமூட்டம் போடுகிறவர்கள் கரியை விற்ற பிறகு அடியில் மிஞ்சும் கரித்தூளைக் கொட்டிவிடுகிறார்கள். வாங்கி எருவோடு கலந்து புஞ்சையில் போடுங்கள். மக்கிய இலைபோல அது சீக்கிரம் மூச்சாகிப் போகாது, மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். புளிப்பு மண்ணுக்கு நல்லது. கார மண் என்றால் கொஞ்சமாகப் போட்டுப் பாருங்கள்.

30 நவம்பர்

காரங்காட்டு அலையாத்திக் காட்டு மண்ணில் கரி சேருமா என்று தொண்டியிலிருந்து கேட்டவருக்கு: அந்தக் காடு செட்டிநாட்டுக்குள் இல்லை, ஆனால் கேள்வி நல்ல கேள்வி. கடலோரச் சதுப்பு மண்ணில் நடந்த நீண்ட சோதனை ஒன்று அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 1987-இலிருந்து நடக்கிறது. அங்கே கோரை இனம் ஒன்று கரியமில வாயு கூடியதும் வேரைப் பெருக்கியது. வேர் மட்கிச் சேர்ந்ததால் சதுப்பு நிலமே வருஷத்துக்கு 3.9 மில்லிமீட்டர் கூடுதலாக உயர்ந்தது என்று 2009-இல் எழுதினார்கள். கடல் ஏறினால் நிலமும் ஏறிக்கொள்ளும் என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது. ஆனால் 33 வருஷத் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, கடல் வேகமாக ஏறி வேர் எந்நேரமும் மூழ்கத் தொடங்கியதும் அந்தக் கூடுதல் வளர்ச்சி தேய்ந்துவிட்டது தெரிந்தது.

வெப்பத்தையும் இங்கேயே சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் கரியமில வாயு தனியாக வருவதில்லை. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில், வெப்பமண்டலக் காட்டு மண்ணை 4 டிகிரி சூடாக்கி இரண்டு வருஷம் அளந்தார்கள். மண்ணிலிருந்து வெளியேறிய கரியமில வாயு 55 சதவீதம் கூடியது. செடி வழியாக வருவது மெதுவாக வருகிறது, சூட்டில் போவது வேகமாகப் போகிறது. செட்டிநாட்டு மேட்டு மண்ணைப் பற்றி என்னைக் கவலைப்பட வைக்கும் கணக்கு இது.

18 ஜனவரி 2026

பொங்கலுக்கு ஊருக்கு வந்த தம்பி, புஞ்சையை நேரில் காட்டினார். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மேல்பாதி வெறும் சரளை, புல் கூடச் சரியாகப் பிடிக்கவில்லை. வெயில் நேராக மண்ணில் அடிக்கிறது. கீழ்ப்பாதியில் அருகு பிடித்திருக்கிறது, ஓரத்தில் கொழிஞ்சி தானாக முளைத்திருக்கிறது. கொழிஞ்சியைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. வேரில் முடிச்சு வைக்கும் செடி, இந்தச் செம்மண்ணுக்கென்றே பழகியது, ஆடும் அவ்வளவாகத் தொடாது. இரண்டு பாதியும் ஒரே காற்றைத்தான் குடிக்கின்றன. ஆனாலும் மேல்பாதியில் தானாக எதுவும் நடக்கப் போவதில்லை.

நான் சொன்னது இதுதான். அறுவடை முடிந்ததும் ஆட்டு மந்தை மேய்க்கும் கீதாரிகள் இந்தப் பக்கம் வருவார்கள். பேசி மேல்பாதியில் கிடை போட, அதாவது மந்தையை இரவில் அடைத்து வைக்கச் சொல்லுங்கள். புழுக்கையும் மூத்திரமும் தழைச்சத்து, மணிச்சத்து இரண்டையும் தரும். பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றும்போது அனுமதி வாங்கி வண்டல் எடுத்து அடியுங்கள். வண்டலில் உள்ள களிதான் கரிமத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் சரளையில் எவ்வளவு எரு கொட்டினாலும் நிற்காது. ஆடி ஆவணி மழைக்குக் கொழிஞ்சி விதையை மேல்பாதியிலும் தூவுங்கள். உழவு வேண்டாம். பல வருஷம் இப்படிச் செய்தால், காற்றில் கூடுகிற கரியைப் பிடித்து வைக்க அந்த மண்ணுக்கு ஒரு வழி பிறக்கும்.

தைலக் கன்று நடச் சொன்ன தரகரைப் பற்றியும் கேட்டார். என் கருத்தை செப்டம்பரிலேயே எழுதிவிட்டேன், மாற்றமில்லை.

20 ஜனவரி 2026

மண் மாதிரி எடுப்பது பற்றித் தம்பி போனில் கேட்டதை மற்றவர்களுக்காகவும் இங்கே போடுகிறேன். மேல்பாதிக்கு ஒன்று, கீழ்ப்பாதிக்கு ஒன்று, தனித்தனி. மரத்தடி, வரப்பு, எருக்குழி பக்கம் எடுக்க வேண்டாம். மேலே உள்ள சருகை விலக்கிவிட்டு வி வடிவில் 15 சென்டிமீட்டர் வெட்டி, பக்கவாட்டில் ஒரே கனத்துக்குச் சீவுங்கள். பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, நாலு பங்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிக்கொண்டே வந்து அரைக்கிலோ அனுப்பினால் போதும். எடுத்த இடங்களைக் கைபேசியில் குறித்து வையுங்கள், அடுத்த தடவையும் அதே இடம், அதே மாசம். கரிமத்தோடு மணிச்சத்தையும் கேட்டு எழுதுங்கள். மண் புளிப்பாக இருந்தால் மணிச்சத்தை அளக்கும் முறை வேறு, அதைக் கூடத்தில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதல் மாதிரியை வண்டல் அடிப்பதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். அடித்த பிறகு எடுத்தால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.